டெனர் சாக்ஸபோன் தொடங்குபவர்களுக்கு: கருவி, ரீட், மவுத்பீஸ் எதை எப்போது வாங்குவது

டெனர் சாக்ஸபோன் கற்றுக்கொள்ள முடிவு செய்து நான் கடைகளில் ஏறி இறங்கிய காலத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் ஒருவர். மவுத்பீஸில் மாட்டும் மெல்லிய பட்டையான ரீடைக் கெட்டியானதாகப் போடு என்றார் இன்னொருவர். எதை முதலில் செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வரிசை தெரியாததால்தான் பலர் முதல் வருடத்திலேயே தேவையில்லாமல் பணத்தைச் செலவழித்துவிட்டுச் சலித்துப்போகிறார்கள்.

வரிசை இதுதான். முதலில் காற்று கசியாத கருவி, அடுத்து பொருத்தமான ரீட், அதற்கடுத்து வாய்ப் பழக்கம், எல்லாவற்றுக்கும் பிறகு புது மவுத்பீஸ். நான் கொடுத்திருக்கும் விலைகள் எல்லாம் தோராயமானவை. டாலர் ஏறி இறங்கினால் இவையும் மாறும்.

1. டெனர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஆல்ட்டோ அல்லது டெனர் எடுப்பார்கள். இரண்டுக்கும் விரல் வைக்கும் முறை ஒன்றே. ஆனால் ஆல்ட்டோ இ பிளாட் கருவி, டெனர் பி பிளாட் கருவி. டெனரில் தாளில் எழுதியிருக்கும் சி-யை வாசித்தால் காதில் விழுவது பி பிளாட், அதுவும் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. கீபோர்டு வாசிக்கும் நண்பர் சி கேட்டால் நீங்கள் டி வாசிக்க வேண்டும். இதை முதல் வாரத்திலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசை வாசிப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். கத்ரி கோபால்நாத் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியது ஆல்ட்டோ சாக்ஸபோனை. அந்த வழியில் சொல்லித்தருபவர்களிடம் நீங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் ஆல்ட்டோதான். டெனரில் கர்நாடக இசை வாசிக்க முடியாது என்றில்லை. ஆனால் ஆசிரியரிடம் கேட்காமல் டெனரை வாங்கிவிட்டால், அவர் வாசித்துக் காட்டும் ஸ்வரமும் உங்கள் ஸ்வரமும் ஒரே விரலில் வேறு வேறு சுருதியில் ஒலிக்கும். ஜாஸ், சினிமாப் பாட்டு, தேவாலய இசைக்குழு, மேடைக் கச்சேரி என்றால் டெனர் தாராளமாகப் போதும்.

எடையையும் கணக்கில் எடுங்கள். டெனர் 3 கிலோவுக்கு மேல் இருக்கும், அது முழுக்கக் கழுத்துப் பட்டையில்தான் தொங்கும். சிறு பிள்ளைகளுக்கு ஆல்ட்டோவில் தொடங்கிப் பிறகு மாறுவது நல்லது. கழுத்து வலி உள்ள பெரியவர்கள் சாதாரணப் பட்டைக்குப் பதில் இரண்டு தோளிலும் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

2. கருவி வாங்குதல்: விலை, சோதனை, காகிதங்கள்

பெயர் தெரியாத நிறுவனத்தின் புது டெனர் ரூ.35,000 முதல் ரூ.60,000 வரை கிடைக்கும். யமஹா ஒய்டிஎஸ்-280 போன்ற மாணவர் மாடல் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நடுவில் ஜூப்பிட்டர் போன்றவை உண்டு. கையில் 50,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், புது மலிவுக் கருவியைவிட நல்ல நிலையில் உள்ள பழைய யமஹா கிடைக்குமா என்று தேடுவதைத்தான் நான் சொல்வேன். மலிவுக் கருவி முதல் நாள் நன்றாகவே ஒலிக்கும். துளைகளை மூடித் திறக்கும் சாவிகளின் உலோகம் மென்மையாக இருந்தால் சில மாதங்களில் வளையும், சாவியின் அடியில் உள்ள மெத்தையான பேட் சரியாக உட்காராது, கசியும். அதைச் சரிசெய்ய ஆளைத் தேடுவது தனி வேலை.

பழைய கருவி என்றால் இருட்டறையில் ஒரு சோதனை செய்யுங்கள். மெல்லிய எல்இடி விளக்குச் சரத்தைக் கருவிக்குள் இறக்கி, ஒவ்வொரு சாவியையும் மெதுவாக, அழுத்தம் கொடுக்காமல் மூடுங்கள். பேடின் ஓரத்தில் எங்காவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது. ஒன்றிரண்டு இடம் என்றால் சரிசெய்துகொள்ளலாம். பத்து இடத்தில் தெரிந்தால் முழுவதும் பேட் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு சில சமயம் கருவி விலையில் பாதியைத் தொடும். விலை பேசும்போது அதைக் கழித்துப் பேசுங்கள்.

வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால் கீழ் ஸ்தாயி பி பிளாட் வரை இறங்கி வாசிக்கச் சொல்லுங்கள். மேலே எல்லாம் வந்து கீழே மட்டும் தடுமாறினால் கசிவுதான் முதல் சந்தேகம். மவுத்பீஸ் மாட்டும் வளைந்த குழாயான நெக், உடலோடு ஆடாமல் இறுகுகிறதா, நெக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகிதங்களில் அலட்சியம் வேண்டாம். புதுக் கருவி என்றால் ரசீதில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதித்தரச் சொல்லுங்கள். வெறும் 'சாக்ஸபோன் - 1' என்ற ரசீதை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்டுப் போனால் வாதாட வேண்டியிருக்கும். சீரியல் எண் பெரும்பாலும் கருவியின் பின்பக்கம், வலது கட்டைவிரல் கொக்கிக்கு அருகில் பொறித்திருக்கும். பழையது என்றால் முதல் ரசீதின் நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல், சீரியல் எண்ணுடன் கையெழுத்திட்ட ஒரு தாள், இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். அந்த எண்ணைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

உங்கள் ஊரில் வாடகைக்குத் தரும் கடையோ பள்ளியோ இருந்தால் முதல் 3 மாதம் வாடகைக்கு எடுங்கள். வாடகைக் கருவியின் மவுத்பீஸை மட்டும் பயன்படுத்தாமல் உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரம் ஒரு காரணம். உங்கள் வாய் ஒரே அளவுக்குப் பழகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

3. கூடவே வாங்க வேண்டிய சின்னச் சாமான்கள்

நல்ல பட்டை, நெக்கின் நுனியில் சுற்றியிருக்கும் கார்க்கில் தடவும் கிரீஸ், உள்ளே இழுக்கும் துடைப்புத் துணி, ரீட் வைக்கும் தட்டையான பெட்டி, மவுத்பீஸின் மேல் ஒட்டும் ரப்பர் பேட்ச். எல்லாம் சேர்த்து ரூ.3,000-க்குள் முடிந்துவிடும். ஸ்டாண்ட் அவசரமில்லை.

பாடப் புத்தகம் வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. அட்டையில் சாக்ஸபோன் என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், உங்களுக்கு வேண்டியது பி பிளாட் பதிப்பு. ஆல்ட்டோவுக்கான இ பிளாட் புத்தகத்தில் உள்ள பின்னணி இசையோடு உங்கள் வாசிப்பு சேரவே சேராது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற மேற்கத்திய இசைத் தேர்வுகள் எழுதும் எண்ணம் இருந்தாலும், பாடத்திட்டத்தில் பி பிளாட் கருவிக்கான உருப்படிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

4. ரீட்: பலர் தடுக்கி விழும் இடம்

நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் சாக்ஸபோனுக்கு ரீட். எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் ரீட் சரியில்லை என்றால் ஒலி வராது. சீவாளி இரட்டை நாக்கு. இங்கே ஒற்றைப் பட்டை மவுத்பீஸின் தட்டையான பரப்பில் உட்கார்ந்து அதிர்கிறது.

பெட்டியில் டெனர் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆல்ட்டோ ரீட் அகலம் குறைவு, டெனர் மவுத்பீஸின் ஓரத்தை மூடாது. அடுத்தது எண். 1.5, 2, 2.5, 3 என்று ஏற ஏற கெட்டி கூடும். தொடங்குபவர் 2-இல் ஆரம்பித்து, ஓரிரு மாதத்தில் ஒலி நிலைத்த பிறகு 2.5-க்குப் போகலாம். பெரிய எண் வாசித்தால் பெரிய வித்வான் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். மவுத்பீஸின் நுனிக்கும் ரீடுக்கும் நடுவில் உள்ள திறப்புக்கு ஏற்றதுதான் சரியான எண்.

ஒரு நிறுவனத்தின் 2.5-உம் இன்னொரு நிறுவனத்தின் 2.5-உம் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நீலப் பெட்டியில் வரும் வாண்டோரன் டிரெடிஷனல் 2.5 ஆரஞ்சுப் பெட்டி ரிக்கோ 2.5-ஐவிடக் கெட்டியாக இருக்கும். ரிக்கோவில் பழகியவர் வாண்டோரனுக்கு மாறும்போது அரை எண் இறக்கிப் பாருங்கள்.

ஒரு டெனர் ரீட் ரூ.300 முதல் ரூ.500 வரை ஆகும். ஒன்றை மட்டும் வாங்கிக் கிழியும்வரை வாசிக்காதீர்கள். மூன்றைச் சுழற்சியில் வைத்து, ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று மாற்றுங்கள். தினமும் அரை மணி நேரம் வாசிப்பவருக்கு மூன்று ரீட் இரண்டு மாதத்துக்காவது தாங்கும்.

மாட்டும் முறை: ரீடை வாயில் ஒரு நிமிடம் வைத்து நனையுங்கள். ரீடை இறுக்கிப் பிடிக்கும் வளையமான லிகச்சரை மவுத்பீஸில் தளர்வாக முதலில் போட்டுவிட்டு, ரீடின் அடிப்பக்கத்தை அதற்குள் மேலிருந்து இறக்குங்கள். மாற்றிச் செய்தால் லிகச்சரின் விளிம்பு ரீட் நுனியில் தட்டி நுனி உடையும். இப்போது மவுத்பீஸைக் கண்ணுக்கு நேராக வைத்து நுனியைப் பாருங்கள். ரீடின் நுனியும் மவுத்பீஸின் நுனியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மவுத்பீஸின் கறுப்பு ஒரு தலைமயிர் அளவு தெரிந்தால் போதும். இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். திருகாணியை ரீட் நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பிறகு கசிவுச் சோதனை. மவுத்பீஸின் பின் துளையை உள்ளங்கையால் அடைத்து, முன்பக்கம் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சி, வாயை எடுங்கள். ரீட் ஓரிரு விநாடி ஒட்டிக்கொண்டிருந்து 'டப்' என்று விடுபட்டால் நல்லது. உடனே விட்டுவிட்டால் ரீட் கோணலாக இருக்கிறது, அல்லது அடிப்பக்கம் வளைந்திருக்கிறது, அல்லது மவுத்பீஸின் பரப்பே சமமாக இல்லை. நல்ல ரீட் இரண்டைப் போட்டும் தேறவில்லை என்றால் மவுத்பீஸைச் சந்தேகப்படலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ரீட் பூசணம் பிடிக்கும். வாசித்து முடித்ததும் மவுத்பீஸிலேயே விட்டுவைக்காதீர்கள். கழற்றித் துடைத்துத் தட்டையான பெட்டியில் காயவிடுங்கள். கறுப்புப் புள்ளி வந்த ரீடைத் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். லெஜேர் போன்ற செயற்கை ரீட் விலை பல மடங்கு என்றாலும் ஈரத்துக்குக் கவலையில்லை. உங்களுக்கு ஏற்ற எண் எது என்று, மூங்கில் போன்ற நாணலால் செய்த சாதாரண ரீடில் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

5. முதல் ஒலி: சுருதிப் பெட்டியை வைத்துச் சோதியுங்கள்

முதல் வாரம் மவுத்பீஸைக் கருவியில் பூட்ட வேண்டாம். மவுத்பீஸை மட்டும் கையில் பிடித்து ஊதிப் பழகுங்கள். மேல் பற்கள் மவுத்பீஸின் மேல் நேராக உட்காரும். கீழ் உதடு கீழ்ப் பற்களின் மேல் லேசாக மடிந்து ரீடைத் தாங்கும். வாயின் இரு ஓரமும் காற்றை விடாமல் சுற்றிப் பிடிக்கும். தாடையால் கடிக்கக் கூடாது. கன்னம் உப்பக் கூடாது.

சரியாகப் பிடிக்கிறோமா என்று எப்படித் தெரியும்? டெனர் மவுத்பீஸை மட்டும் ஊதினால் ஒலி கீபோர்டின் ஜி-க்கு அருகில் வர வேண்டும். நம் கணக்கில் 5 கட்டை. கைபேசியில் சுருதிப் பெட்டி செயலியை 5 கட்டையில் வைத்து, ஷட்ஜத்தோடு உங்கள் ஒலி சேர்கிறதா என்று கேளுங்கள். ஒலி 5 கட்டைக்கு மேலே ஏறி நின்றால் கடிக்கிறீர்கள், கீழே தொங்கினால் பிடி தளர்ந்திருக்கிறது. நெக்கையும் சேர்த்து ஊதினால் ஈ, அதாவது 3 கட்டைக்கு அருகில் வரும். எனக்குத் தெரிந்து இதைவிட எளிய சோதனை கிடையாது, வாய்ப்பாட்டு கொஞ்சம் கேட்ட காது இருந்தாலே போதும்.

கருவியைப் பூட்டிய பிறகு இடது கையிலிருந்து தொடங்குங்கள். முதல் விரல் மட்டும் வைத்தால் பி, இரண்டு வைத்தால் ஏ, மூன்று வைத்தால் ஜி. டெனரில் இந்த ஜி-யை வாசித்தால் காதில் விழுவது எஃப், அதனால் அதை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் 4 கட்டை சுருதி. ஜி-யிலிருந்து மேலே எஃப் ஷார்ப் சேர்த்து ஏறினால் சங்கராபரணம், எஃப் ஷார்ப்புக்குப் பதில் எஃப் வைத்தால் ஹரிகாம்போஜி. மேற்கத்திய பாடம்தான் படிக்கிறீர்கள் என்றாலும் சுருதிப் பெட்டியோடு சரளி வரிசை வாசிப்பது நீண்ட ஸ்வரத்துக்கு நல்ல பயிற்சி.

டியூனர் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நீங்கள் பி வாசிக்கும்போது டியூனர் ஏ என்று காட்டும். அது பிழையல்ல. செயலியில் பி பிளாட் கருவி என்ற அமைப்பு இருந்தால் அதை வைத்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் 15 நிமிடத்தில் உதடு சோர்ந்துவிடும். அப்போது நிறுத்திவிடுங்கள். சோர்ந்த உதட்டோடு தொடர்ந்தால் கடிக்கும் பழக்கம்தான் வரும்.

6. மவுத்பீஸை வாசிக்கும் முன் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நான்கு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வது புரியும்.

முதலாவது டிப் திறப்பு. ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி இது. குறுகலாக இருந்தால் சுலபமாகக் கட்டுப்படும், சற்றுக் கெட்டியான ரீட் வேண்டும். அகலமாக இருந்தால் காற்று அதிகம் கேட்கும், மெல்லிய ரீட் வேண்டும், சுருதி அலையும். அதே அகலம் பழகியவருக்குச் சத்தத்தையும் ஸ்வரத்தை வளைக்கும் வசதியையும் தரும். தொடங்குபவருக்குக் குறுகலும் நடுத்தரமும் சேரும் இடமே ஏற்றது.

இரண்டாவது ஃபேசிங் நீளம். ரீடை விட்டு மவுத்பீஸ் விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை உள்ள தூரம் அது. நீளம் கூடினால் ரீடின் அதிகப் பகுதி அதிரும். ஆரம்பத்தில் நடுத்தரம் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இதற்கு மேல் இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது பேஃபிள். மவுத்பீஸின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், நுனியை ஒட்டி ரீடுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு சரிவு தெரியும். அது மேடாக ரீடுக்கு நெருக்கமாக இருந்தால் காற்று வேகமாகப் போகும், ஒலி கூர்மையாக வெட்டும். தாழ்ந்திருந்தால் ஒலி உருண்டு வரும். மேடான பேஃபிள் புதியவர் கையில் கீச்சிடும்.

நான்காவது சேம்பர், அதாவது பேஃபிளுக்கு அப்பால் உள்ள குழி. பெரிய சேம்பர் கனமான ஒலி தரும், சிறியது பளிச்சென்ற ஒலி தரும். பெரிய சேம்பர் உள்ள மவுத்பீஸை சுருதி சேர்க்க கார்க்கில் அதிகம் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். உங்கள் நெக்கின் கார்க் நீளம் அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோகமா எபோனைட்டா (கெட்டியான ரப்பர்) என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் வாசித்தது உலோக ஓட்டோ லிங்க் மவுத்பீஸ் என்று கேள்விப்பட்டு முதல் மாதமே உலோகத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. ஒலியை அதிகம் தீர்மானிப்பது உள்ளே உள்ள வடிவம். உலோக மவுத்பீஸ் வெளிப்புறம் ஒல்லியாக இருப்பதால் வாய் குறைவாகத் திறக்கும், அதற்குத் தனி லிகச்சரும் வேண்டும். எபோனைட்டில் தொடங்குங்கள்.

7. எண்களில் உள்ள பொறி

இதில் ஏமாறாதவர் குறைவு. மவுத்பீஸில் பொறித்திருக்கும் எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. யமஹா 4சி டெனர் மவுத்பீஸின் டிப் திறப்பு 1.70 மி.மீ., 5சி 1.80 மி.மீ., 7சி 2.00 மி.மீ. ஓட்டோ லிங்க் 7 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 100 பங்கு, அதாவது 2.54 மி.மீ. இரண்டும் '7' தான், ஆனால் நடுவில் அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம். மவுத்பீஸ் உலகில் அது மிகப் பெரிய தூரம். 7சி-யில் பழகி ஓட்டோ லிங்க் 7-க்குத் தாவினால் அதே ரீடில் ஒலியே எழும்பாமல் போகலாம்.

ஓட்டோ லிங்கில் 5 என்றால் 80, 6 என்றால் 90, 7 என்றால் 100, 8 என்றால் 110 என்று ஆயிரத்தில் கணக்கு. நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். பெர்க் லார்சனில் 100/2 என்று இருந்தால் முதல் எண் திறப்பு, இரண்டாவது எண் உள்ளமைப்பு. அதில் 0 மிக மேடான பேஃபிள், 3 தாழ்வானது. செல்மரில் எழுத்துகள். சி ஸ்டார் குறுகலான பக்கம், டி, ஈ, எஃப் என்று போகப்போக அகலம் கூடும்.

ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள், மி.மீ.யில் திறப்பு எவ்வளவு என்று கேளுங்கள். அங்குலக் கணக்கில் சொன்னால் ஆயிரத்தில் ஒன்று என்பது 0.0254 மி.மீ. கைபேசியில் பெருக்கிப் பார்த்துவிடலாம்.

8. எதை வாங்குவது

முதல் ஒரு வருடத்துக்கு யமஹா 4சி. கருவி யமஹா என்றால் பெரும்பாலும் அதனுடனே வந்திருக்கும். தனியாக வாங்கினால் ரூ.3,000 முதல் ரூ.5,000 வரை ஆகும். மலிவுக் கருவியோடு வந்த பெயரில்லாத மவுத்பீஸ் உங்களிடம் இருந்தால் அதை மட்டும் காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள். அவற்றில் சிலவற்றின் பரப்பு சமமாகவே இருக்காது. மலிவுக் கருவியில் 4சி போட்டு 2.5 ரீட் வைத்ததும் ஒலி நிமிர்ந்து நிற்பதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மவுத்பீஸுக்கான நேரம் எப்போது? கீழ் பி பிளாட் முதல் மேல் எஃப் வரை இடறாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரு ஸ்வரத்தை மெதுவாகத் தொடங்கி வலுப்படுத்தி மறுபடி மெதுவாக முடிக்க வர வேண்டும். கருவியில் கசிவு இல்லை என்று ஒரு மெக்கானிக் பார்த்திருக்க வேண்டும். இவை மூன்றும் ஆன பிறகு, 'இதற்கு மேல் சத்தம் வேண்டும்' அல்லது 'ஒலி இன்னும் கனமாக வேண்டும்' என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் மாற்றலாம். ஒலி பிடிக்கவில்லை என்று பொதுவாக மட்டும் தோன்றினால் இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்.

மேற்கத்திய செவ்வியல், தேர்வு, தேவாலயக் குழு என்றால் செல்மர் எஸ்80 சி ஸ்டார் அல்லது வாண்டோரன் ஆப்டிமம் டிஎல்3. ஜாஸ் என்றால் எபோனைட் ஓட்டோ லிங்க் டோன் எட்ஜ் 6 அல்லது வாண்டோரன் வி16 வரிசையில் டி6 போன்ற நடுத்தரம். இவற்றோடு 2.5 ரீட், திணறினால் 2. மைக் வைத்த மேடையில் சினிமாப் பாட்டு வாசிப்பவர்களுக்கும் இதே நடுத்தரம் போதும். சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளும். மேடான பேஃபிள் உள்ளவை கிட்டாரும் டிரம்மும் முழங்கும் குழுவுக்குத்தான் தேவைப்படும்.

இந்த வரிசையில் உள்ளவை ரூ.10,000 முதல் ரூ.25,000 வரை ஆகும். அதற்கு மேல் கையால் செய்தவை இருக்கின்றன. இரண்டாவது மவுத்பீஸாக அவற்றை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

9. கடையில் சோதிக்கும் முறை

உங்கள் கருவியையே எடுத்துப்போங்கள். நீங்கள் ஏற்கனவே வாசித்துப் பழகிய ரீட் இரண்டும், அரை எண் மெல்லிய புது ரீட் ஒன்றும் கூடவே இருக்கட்டும். பழைய மவுத்பீஸையும் எடுத்துப்போய் மாறி மாறி வாசியுங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் சோதிக்காதீர்கள், காதும் உதடும் குழம்பிவிடும்.

வேகமான உருப்படி வாசித்துச் சோதிப்பதில் பயனில்லை. கீழ் ஸ்தாயியில் சத்தம் குறைத்து ஒரு சி. நடு ஸ்தாயி டி-யை வாசித்து ஆக்டேவ் சாவியை விட்டுக் கீழ் டி. மேல் ஸ்தாயியில் சத்தம் குறைத்து ஓர் ஏ. அவ்வளவுதான். சன்னமான ஒலி சுலபமாகக் கிளம்புகிறதா என்பதே முக்கியம். கைபேசியைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். வாசிக்கும்போது உங்கள் எலும்பு வழியாகக் கேட்கும் ஒலி வேறு, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு.

மவுத்பீஸ் உங்கள் கார்க்கில் இறுக்கமாக இருந்தால் கிரீஸ் தடவி மெதுவாகச் சுழற்றி ஏற்றுங்கள். கார்க்கைத் தேய்த்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்த்த பிறகு பழைய மவுத்பீஸ் ஆடும், புதியதைத் திருப்பித் தரவும் முடியாது.

பணம் கட்டும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். நான் டெனர் மவுத்பீஸ் கேட்ட ஒரு கடையில் டெனர் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்குள் ஆல்ட்டோ மவுத்பீஸ் இருந்தது. கையில் எடுத்து டெனர் ரீடை மேலே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், ரீட் இருபுறமும் வெளியே துருத்தும். நுனி விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், சிறு பள்ளம் இருந்தாலும் வேறு கேளுங்கள். வாயில் வைத்த பொருள் என்பதால் பல கடைகளில் திரும்பப் பெற மாட்டார்கள். மாற்றித் தருவதாக வாயால் சொன்னால் ரசீதில் எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். சோதிக்கும் நாட்களில் ரப்பர் பேட்ச்சை ஒட்டியே வாசியுங்கள், பல் தடம் விழுந்தால் அந்த வாக்குறுதி செல்லாது.

10. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

ஊர்க் கடைகளில் 4சி எளிதாகக் கிடைக்கும், மற்றவை பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வரும். நேரடியாக வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் சுங்க வரி உண்டு. பொருளின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி அதன் மேல்தான் வரி போடுவார்கள். கூரியர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கும். மவுத்பீஸ் விலையோடு இன்னொரு பாதித் தொகையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு ஆர்டர் போடுவது பாதுகாப்பு. மிச்சமானால் ரீட் வாங்கலாம்.

கூரியர் வந்து இறங்கியதும் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஆர்டரில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால்கூடப் பார்சல் நின்றுவிடும். விலைப்பட்டியலின் நகலையும் பணம் கட்டிய சான்றையும் கைபேசியில் வைத்திருங்கள். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தச் சலுகை இப்போது இல்லை.

உறவினர் யாராவது ஊருக்கு வருகிறார் என்றால் கைப்பையில் ஒரு மவுத்பீஸ் கொண்டுவரச் சொல்வது எளிது. ரசீதும் கூடவே வரட்டும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்ப வழியில்லை. அதனால் இந்த வழியில் ஏற்கனவே யாரிடமாவது வாசித்துப் பார்த்த மாடலை மட்டும் வாங்குங்கள்.

11. புது மவுத்பீஸ் வந்த பிறகு

முதல் மூன்று வாரம் வேறு எதையும் மாற்றாதீர்கள். அதே ரீட், அதே லிகச்சர், அதே பயிற்சி. 5 கட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். திறப்பு அகலமானால் வாய் தானாகக் கடிக்கத் தொடங்கும், அதை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். கார்க்கில் எந்த இடத்தில் சுருதி சேர்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எபோனைட்டை வெந்நீரில் கழுவாதீர்கள். நிறம் பச்சையும் பழுப்புமாக மாறும், கந்தக வாடை வரும். வெயிலில் நிற்கும் காரில் விட்டாலும் அதே கதிதான். வாரம் ஒருமுறை குளிர்ந்த நீரில் துளி சோப்பு, மெல்லிய துணி, அது போதும். வெள்ளைப் படிவு இருந்தால் வினிகரும் தண்ணீரும் கலந்து பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். நுனியை உரசும் பிரஷ் வேண்டாம்.

பழைய 4சி-யை விற்றுவிடாதீர்கள். அதற்குப் பெரிய விலையும் கிடைக்காது. ஒரு நல்ல ரீடோடு பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு நாள் புதியதில் ஒலி கோளாறாக வந்தால் 4சி-யைப் போட்டு வாசியுங்கள். அதிலும் கோளாறு இருந்தால் கருவியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அதில் சரியாக வந்தால் ரீடை மாற்றுங்கள்.